இரண்டு எண்ணில் பாதி ஆள்: ஆன்லைன் போக்கரில் எதிராளியைக் கணக்கெடுக்கும் முறை

ஆறு பேர் மேசையில் ஒருவருடைய ஆட்டம் பிடிபட அவர் சீட்டைப் பார்த்தாக வேண்டும் என்றில்லை. எத்தனை கையில் (ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடுவது ஒரு கை) தன் விருப்பத்தில் பந்தயம் போட்டு உள்ளே வந்தார், அதில் எத்தனை முறை ரெய்ஸ் போட்டு, அதாவது பந்தயத்தை உயர்த்தி வந்தார் என்று எண்ணினாலே பாதி ஆள் தெரிந்துவிடும். முதல் எண்ணுக்கு விபிஐபி என்று பெயர், இரண்டாவதற்குப் பிஎஃப்ஆர்.

இதெல்லாம் காசில்லாத ஆட்டத்துக்கு. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்துவிட்டது. சேலம் அஞ்சு ரோட்டில் ஒருவர், அம்மாபேட்டையில் இரண்டு பேர், ஏற்காட்டில் ஒருவர் என்று ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இலவச சிப்ஸில் (பந்தய வில்லைகளில்) தனி மேசை போடும் கூட்டத்துக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும். திரையிலேயே எண்களைக் காட்டும் மென்பொருள்கள் உண்டு. சில தளங்கள் அவற்றை அனுமதிப்பதில்லை, விதியைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

ஆளுக்கு ஒரு பக்கம். மூன்று பத்தி: மொத்தக் கை, உள்ளே வந்தது, ரெய்ஸ். தவறு நடப்பது எண்ணும் இடத்தில்தான். பிளைண்ட் (சீட்டுப் பார்க்கும் முன்பே இருவர் போட வேண்டிய சிப்ஸ்; சிறியது ஸ்மால், பெரியது பிக்) கட்டியது உள்ளே வந்ததாகாது, அது கட்டாயம். பிக் பிளைண்டில் இருப்பவர் யாரும் ரெய்ஸ் போடாததால் செக் செய்து (மேலே எதுவும் போடாமல்) ஃப்ளாப் (நடுவில் திறக்கும் முதல் மூன்று பொதுச் சீட்டு) பார்த்தாலும் கோடு கிடையாது. ஸ்மால் பிளைண்டில் இருப்பவர் மீதியைப் போட்டு வந்தால் உண்டு. ஃப்ளாப்புக்கு முன் ரெய்ஸ் போட்டவருக்கு இரண்டு பத்தியிலும் கோடு. ஒரே கையில் இரண்டு முறை ரெய்ஸ் போட்டாலும் ஒரு கோடுதான். மற்ற எல்லோரும் ஃபோல்ட் செய்து (சீட்டை விட்டு விலகி) பிளைண்ட் அப்படியே பிக் பிளைண்டில் இருப்பவரிடம் வந்து சேர்ந்தால், அவர் எதையும் முடிவு செய்யவில்லை. அந்தக் கையை அவருடைய மொத்தத்திலேயே சேர்க்காதீர்கள்.

இரண்டையும் மொத்தக் கையில் எத்தனை சதவீதம் என்று போட்டு, நடுவில் உள்ள இடைவெளியை முதலில் பாருங்கள். ஆறு பேர் மேசையில் நிதானமாக ஆடத் தெரிந்தவருக்கு விபிஐபி 22 முதல் 25, பிஎஃப்ஆர் 18 முதல் 21 இருக்கும். விபிஐபி 45, பிஎஃப்ஆர் 6 என்றால் கண்டதற்கெல்லாம் கால் (முன்னவர் போட்ட அளவையே தானும் போடுவது) போட்டுவிட்டு வருகிறவர். அவரிடம் பிளஃப் (சீட்டில்லாமல் பந்தயம் போட்டு மிரட்டுவது) வீண், நல்ல சீட்டு வந்தால் பெரிதாகப் பெட் போட்டுக்கொண்டே இருங்கள். 11, 9 என்றால் கல் மாதிரி உட்கார்ந்திருப்பவர். அவர் ரெய்ஸ் போட்டால் சுமாரான சீட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம், அவர் பிளைண்டை மட்டும் அடிக்கடி தட்டிப் பறிக்கலாம். 50, 40 என்றால் அடாவடி. அவரை மிரட்டப் பார்க்காமல், நடுத்தரச் சீட்டோடு கால் போட்டுக் காத்திருப்பதே நல்லது.

இலவச சிப்ஸில் இந்த அளவுகோல் கொஞ்சம் ஏறும். இழக்க எதுவும் இல்லாததால் யாருக்கும் ஃபோல்ட் செய்ய மனம் வராது. மேசை முழுவதும் 40-ஐத் தொட்டால் 28 உள்ளவரே அங்கே இறுக்கமான ஆள். புத்தக எண்ணைவிட உங்கள் மேசையின் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

எத்தனை கைக்குப் பிறகு நம்பலாம்? ஜவ்வரிசி வியாபாரி மூட்டையின் மேல் வாயிலிருந்து நாலு மணி எடுத்து விலை சொல்வதில்லை. 30 கையில் 6 முறை உள்ளே வந்தவருக்கு 20 சதவீதம் என்று எழுதுவீர்கள். உண்மையான பழக்கம் 5-க்கும் 35-க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதே 20 சதவீதம் 100 கையில் வந்தால் வரம்பு 12 முதல் 28. 400 கையில் 16 முதல் 24. கை நான்கு மடங்கானால்தான் பிழை பாதியாகிறது. ஆகவே எண்ணுக்குப் பக்கத்தில் கை எண்ணிக்கையையும் எழுதாமல் விடாதீர்கள். எதிராளியின் ரெய்ஸுக்கு மேல் ரெய்ஸ் போடும் விகிதம் இன்னும் மெதுவாகத்தான் தெளியும், முன்னால் ஒருவர் ரெய்ஸ் போட்டிருந்தால்தானே அந்த வாய்ப்பே வரும்.

ஃப்ளாப்புக்குப் பிறகு ஆவேசத்தை அளக்க, பெட்டையும் ரெய்ஸையும் கூட்டிக் கால் எண்ணிக்கையால் வகுப்பார்கள். 1-க்குக் கீழ் சாது, 2 முதல் 3 சாதாரணம், 4-க்கு மேல் முரடு. இந்த எண் ஏமாற்றும். அம்மாபேட்டைக்காரர் 12 முறை பெட் அல்லது ரெய்ஸ், 4 கால், 24 ஃபோல்ட். அஞ்சு ரோட்டுக்காரர் அதே 12, அதே 4, ஃபோல்ட் மட்டும் 4. இருவருக்கும் விடை 3 தான், ஏனென்றால் ஃபோல்ட் கணக்கில் வரவே இல்லை. ஃபோல்டையும் சேர்த்து வகுத்தால் முதலாமவர் 40-இல் 12, அதாவது 30 சதவீதம். இரண்டாமவர் 20-இல் 12, அதாவது 60 சதவீதம். முதலாமவர் சீட்டு கிடைத்தால் மட்டும் அடிக்கிறார். இரண்டாமவர் சும்மாவும் அடிக்கிறார்.

லாபத்துக்கு நேராக வழிகாட்டும் எண் இன்னொன்று: ஃப்ளாப்புக்கு முன் ரெய்ஸ் போட்டவர் ஃப்ளாப்பிலும் பெட் போடும்போது எதிராளி எத்தனை முறை ஃபோல்ட் செய்கிறார் என்பது. பாட், அதாவது நடுவில் சேர்ந்த தொகை, 100 சிப்ஸாக இருக்க நீங்கள் 50 போட்டால், மூன்றில் ஒரு முறை அவர் ஃபோல்ட் செய்தாலே கை நஷ்டமில்லை. 100 போட்டால் இரண்டில் ஒரு முறை தேவை. 60 சதவீதம் ஃபோல்ட் செய்கிறவரிடம் சீட்டே இல்லாமல் பாதி பாட் போடலாம்; 25 சதவீதக்காரரிடம் அது தானம்.

இடமும் கணக்கைக் கலைக்கும். முதலில் பேச வேண்டிய இடத்தில் 15 சதவீதம் உள்ளே வருபவரே பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசும் இடத்தில்) 45 வரலாம். நோட்டில் கோடு போடும்போது பட்டன் கைக்கு மட்டும் ஒரு புள்ளி வையுங்கள். ஆள் மூன்றாகக் குறைந்தால் எல்லோருமே அதிகம் உள்ளே வருவார்கள், அந்தக் கைகளுக்குத் தனிப் பக்கம்.

ஏற்காட்டுக்காரர் விஷயத்தில் ஒன்று கூடுதல். மலையில் மழை பிடித்து நெட் விட்டால், நேரம் முடிந்து அவர் கை தானாக ஃபோல்ட் ஆகும். அதையும் எண்ணினால் தாராளமாக ஆடுகிறவர் கல் மாதிரித் தெரிவார். தொடர்ந்து மூன்று கை கடைசி நொடிவரை ஓடி ஃபோல்ட் ஆனால், இணைப்புத் திரும்பும்வரை பேனாவைக் கீழே வையுங்கள்.