பழைய புல்லட், புதிய புல்லட்: போட்டி போட்டு வண்டியைக் கெடுக்கும் தவறுகள்

ஞாயிறு காலையில் கிருஷ்ணகிரி அணை சாலையில் ஒரு டீக்கடை முன்னால் நான்கு புல்லட்டுகள் நின்றால் போதும், பேச்சு சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வரும். "இரும்பு என்ஜின்தான் புல்லட். மற்றதெல்லாம் பேருக்கு" என்பார் ஒருவர். "ஒரு வாரம் எண்ணெய் ஒழுகாமல் நிறுத்திக் காட்டுங்கள், பிறகு பேசலாம்" என்பார் அடுத்தவர். இரண்டு கட்சிக்காரர்களின் வண்டியும் என் பட்டறைக்கு வருகின்றன. இரண்டையும் பிரித்துப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இதில் கட்சி இல்லை. ஆனால் கவலை இருக்கிறது.

ஹெல்மெட் போடுங்கள், செயினுக்கு எண்ணெய் விடுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். இந்தப் பழசு, புதுசு போட்டி இல்லாவிட்டால் நடந்தே இருக்காது என்று சொல்லத்தக்க தவறுகள் சில உண்டு. எங்கள் வயதுக்காரர்கள் அன்று செய்ததையே இன்று புதிதாக வண்டி எடுக்கும் பையன்கள் செய்கிறார்கள். அன்று இவ்வளவு அகலமான சாலை இல்லை என்பதால் சேதமும் குறைவாக இருந்தது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். புல்லட் 350 என்று சொல்லும்போது மூன்று வேறு என்ஜின்களைச் சொல்கிறோம். பழைய இரும்பு என்ஜின் 346 சிசி. கியர் பெட்டி தனி, நான்கு கியர், பெரும்பாலானவற்றில் வலது காலில் கியர். 2009 வாக்கில் வந்த யூசிஇ என்ஜினில் உருளைக்கு (சிலிண்டர்) அதே 70 மி.மீ. விட்டமும், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் அதே 90 மி.மீ.யும்தான், ஆனால் என்ஜினும் கியர் பெட்டியும் ஒரே கூட்டுக்குள் வந்துவிட்டன, உருளை அலுமினியம். 2020இல் அதே நிறுவனத்தின் மீட்டியார் வண்டியில் அறிமுகமாகி, 2021இல் கிளாசிக் வண்டிக்கும் 2023இல் புல்லட்டுக்கும் வந்த ஜே சீரிஸ் என்ஜின் 349 சிசி. அதன் விட்டம் 72, ஸ்ட்ரோக் 85.8. நடுக்கத்தைக் குறைக்க உள்ளே பேலன்சர் தண்டு சுழல்கிறது. டேங்க்கில் எழுதியிருக்கும் பெயரைத் தவிர இந்த மூன்றுக்கும் பொதுவானது குறைவு. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது.

குதிரைசக்திக் கணக்கை நம்பி மேட்டில் துரத்துவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இதனால் வீணான என்ஜின்களை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

காவேரிப்பட்டணத்துப் பையன் ஒருவன். கையில் இருந்தது அப்பா ஓட்டிய எண்பதுகளின் புல்லட். அவனுடைய மாமன் மகன் புதிய கிளாசிக் எடுத்திருந்தான். ஓசூரில் ஒரு வளைகாப்புக்கு இரண்டு பேரும் கிளம்பினார்கள். அதற்கு முதல் நாள் பட்டறையில் உட்கார்ந்து பையன் எனக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினான். "பழையது 18 குதிரைசக்தி அண்ணா, புதியது 20.2. ஆனால் அவன் வண்டி 195 கிலோ. என்னுடையது அதைவிட 25 கிலோவாவது குறைவு. எடைக்கு எவ்வளவு சக்தி என்று வகுத்தால் நான்தான் முன்னால் இருக்கிறேன்."

வகுத்தது சரிதான். அந்த 18 குதிரைசக்தியை எத்தனை நிமிடம் விடாமல் கேட்கலாம் என்பது மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. "தம்பி, அறுபதில் போய் வா" என்றேன். தலையாட்டினான்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டர் அளவில் இருக்கிறது. ஓசூர் 850 மீட்டருக்கும் மேல். காரில் போகிறவருக்கு இந்த ஏற்றம் தெரியாது. குருபரப்பள்ளி தாண்டி மேலுமலையில் சாலை ஏறும்போது பழைய புல்லட் ஓட்டுகிறவருக்கு நன்றாகவே தெரியும். ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகியும் வேகம் கூடாது. என்ஜின் முழுச் சுமையில் கிடக்கும்.

அந்த நேரத்தில் உள்ளே நடப்பது இதுதான். பிஸ்டன் அலுமினியம், உருளை இரும்பு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. அதோடு, உருளையைவிட பிஸ்டன்தான் அதிகம் சூடாகிறது. இரும்பு சூட்டை மெதுவாகத்தான் வெளியே விடும். இடைவெளி குறையக் குறைய நடுவில் இருக்கும் எண்ணெய்ப் படலம் கிழிகிறது. பிஸ்டன் உருளையைப் பிடித்துக்கொள்கிறது. புதிய என்ஜினின் அலுமினிய உருளை அதே சூட்டைச் சீக்கிரம் காற்றுக்குக் கொடுத்துவிடும். ஜே சீரிஸில் எண்ணெயும் சேர்ந்து குளிர்விக்கிறது, ஐந்தாவது கியரும் இருக்கிறது. ஆகவே அதே மேட்டில், அதே வேகத்தில் அது இளைப்பாறிக்கொண்டே போகும்.

இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொண்டது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) வைத்த கார்புரேட்டரில் கலவைக்குப் பெட்ரோல் போதாமல் போகிறது. அப்படி எரியும் என்ஜின் இன்னும் சூடாகும். புதிய வண்டியில் இதைக் கணினி சரிசெய்துகொள்ளும். பழையதில் நீங்களோ மெக்கானிக்கோ ஜெட்டை ஓர் அளவு பெரிதாக்கினால்தான் உண்டு.

மேலுமலை ஏற்றத்தில் பையனின் வண்டி ஒருமுறை பிடித்தது. பின்சக்கரம் கிறீச்சிட்டு நின்றது. கிளட்ச்சை அழுத்தியதால் விழாமல் தப்பினான். பாட்டில் தண்ணீரை எடுத்து உருளைமேல் ஊற்றினான். கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விட வாய்ப்பு உண்டு. அது நடக்காமல் போனது அதிர்ஷ்டம். அரை மணி நேரம் கழித்து உதைத்தான். வண்டி கிளம்பிவிட்டது.

இங்கேதான் எனக்குக் கோபம். வண்டி கிளம்பியதும் "பார்த்தாயா, இரும்பு சாகாது" என்று மாமன் மகனிடம் சொல்லிவிட்டு, அதே வேகத்தில் மறுபடியும் ஏறியிருக்கிறான். முதல் பிடிப்போடு நிறுத்தி, ஒரு சரக்கு ஆட்டோவில் ஏற்றி அனுப்பியிருந்தால் பிஸ்டனைத் தேய்த்துச் சுத்தம் செய்து, ரிங்கு மாற்றி முடித்திருக்கலாம். சூளகிரிக்கு முன்னால் இரண்டாம் முறை பிடித்தபோது அதெல்லாம் கடந்துவிட்டது.

மறுநாள் உருளையைக் கழற்றினேன். பிஸ்டனின் முன்பக்கம், அதாவது எக்ஸாஸ்ட் பக்கம், மேலிருந்து கீழ்வரை கீறல். கீறல்களுக்கு நடுவே அலுமினியம் உருகி இழுபட்டு, ரிங்குப் பள்ளத்தையே மூடியிருந்தது. ரிங்கு ஒன்று உள்ளேயே ஒடிந்து கிடந்தது. உருளையின் உட்சுவரில் விரல் வைத்துத் தடவினால் நகம் மாட்டியது. எண்ணெயை வடித்தபோது வெயிலில் மினுமினுவென்று உலோகத் தூள். அந்தத் தூள் எண்ணெயோடு, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ்முனைக்குப் போயிருந்தது. அந்தக் காலத்து என்ஜினில் அங்கே இருப்பது மிதக்கும் புஷ். தூள் புகுந்தால் தாங்காது. கிராங்கைப் பிரித்து, புஷ் மாற்றி, லேத்தில் போர் போட்டு (உருளையின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கி), அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டியதாயிற்று. செலவு அவனுடைய மாமன் மகனின் பல மாதத் தவணைக்குச் சமம். பணத்தைக்கூட விடுங்கள். அப்பா அந்த வண்டியை ஓட்டிய காலம் முழுவதும் ஒருமுறைகூடப் போர் போடாத உருளை அது. அவர் அவ்வளவு பக்குவமாக வைத்திருந்ததை ஒரே காலையில் தேய்த்தாயிற்று.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். சமவெளியில் 60, 70க்குள் ஓட்டுங்கள். மேட்டில் என்ஜின் திணறும் முன்பே கியரைக் குறையுங்கள். டாப் கியரில் வைத்து முறுக்கிக்கொண்டே போவதுதான் அதிகச் சூட்டைக் கொடுக்கும். ஏற்றத்தில் 'கிணிங் கிணிங்' என்று உலோகச் சத்தம் வந்தாலோ, திருகிய அளவுக்கு வண்டி இழுக்கவில்லை என்று தோன்றினாலோ, அடுத்து வரப்போவது பிடிப்பு. உடனே ஓரம் கட்டுங்கள். அந்தச் சமயங்களில் கிளட்ச் லீவர்மேல் இரண்டு விரல் இருக்கட்டும். கையில் வரும் நடுக்கத்தைக் குறை என்று நினைக்காதீர்கள். பேலன்சர் தண்டு இல்லாத என்ஜின் 'இதற்கு மேல் கேட்காதே' என்று சொல்லும் வழி அது. ஒருமுறை பிடித்துவிட்டால், தானாக ஆறிய பிறகு கிளம்பினாலும் ஓட்டாதீர்கள். போர் போட்ட வண்டியை முதல் 500 கிலோமீட்டருக்கு 50ஐத் தாண்டவிடாதீர்கள்.

சாலையில் வண்டி மாற்றி ஓட்டிப் பார்ப்பது

"என் வண்டியை ஓட்டிப் பார், அப்போது தெரியும்" என்று சாவியை மாற்றிக்கொள்வது இந்த வாதத்தில் வழக்கம். புதிய வண்டியில் பழகியவர் வலது காலில் கியர் உள்ள பழைய புல்லட்டில் ஏறினால் முதல் பத்து நிமிடம் கவனமாகவே ஓட்டுவார். குறுக்கே ஒரு மாடு வரும்போதுதான் புதிய வண்டியில் ஊறிய பழக்கம் காலை வாரிவிடும். பிரேக் என்று நினைத்து வலது காலை அழுத்துவார். அந்த வண்டியில் முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. ஆகவே வலது காலை அழுத்தினால் அடுத்த கியர் விழும். வண்டி நிற்பதற்குப் பதில் இன்னும் இலகுவாக உருளும். பிரேக் இடது காலில் சும்மா இருக்கும்.

பழைய வண்டிக்காரர் புதியதில் ஏறினாலும் இதே குழப்பம்தான். மாற்றி ஓட்ட ஆசையிருந்தால் ஒரு காலி மைதானத்தில், இருபது வேகத்தில், திடீர் பிரேக் பிடித்துப் பழகுங்கள். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் வளைவுகளில் வேண்டவே வேண்டாம்.

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் போட்டி

கூடாது. லாரிகளே பிரேக் பிடிக்காமல் வரும் இடம் அது. பழைய டிரம் பிரேக் ஏபிஎஸ் டிஸ்க்கோடு போட்டி போட முடியாது.

எண்ணெய் குறைந்துவிட்டது என்று மேலும் ஊற்றுவது

புதிய வண்டிக்காரர்கள் கேலி செய்வதால் பழைய வண்டிக்காரருக்கு எண்ணெய் விஷயத்தில் எப்போதும் ஒரு பதற்றம். பல நாள் நின்ற வண்டியில் அளவுக்கம்பியை எடுத்துப் பார்ப்பார். எண்ணெய் அடையாளத்துக்குக் கீழே இருக்கும். அரை லிட்டர் ஊற்றிவிடுவார். உண்மையில் எண்ணெய் எங்கும் போகவில்லை. வண்டி நின்றபோது பம்ப் வழியாக மெல்லக் கசிந்து கிராங்க் இருக்கும் அறைக்குள் இறங்கியிருக்கும். கிளப்பியதும் பம்ப் அதைத் திருப்பி இழுத்துவிடும். அப்போது மொத்த அளவு மிஞ்சிப்போய், மூச்சுக்குழாய் வழியாக வெளியே துப்பும். அதைப் பார்த்து "பழைய வண்டி ஒழுகுகிறது" என்று ஒரு பேச்சு கிளம்பும். வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, அதன் பிறகு அளவு பாருங்கள்.

டாப்பெட் சத்தத்துக்கு எல்லா என்ஜினிலும் ஸ்பேனர் வைப்பது

பழைய இரும்பு என்ஜினில் டாப்பெட் வைப்பது, அதாவது வால்வை இயக்கும் பாகங்களின் இடைவெளியைச் சரிசெய்வது, கைப்பழக்கம். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, வால்வு மூடிய நிலையில், தள்ளுகம்பியை இரண்டு விரலால் உருட்டினால் இலகுவாகச் சுழல வேண்டும்; ஆனால் மேலும் கீழும் ஆடக்கூடாது. அந்த நயம் விரலுக்குத்தான் தெரியும். அதில் தேர்ந்த பழைய மெக்கானிக்குகளிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

அதே கையோடு யூசிஇ என்ஜினைத் திறக்கச் சொல்லாதீர்கள். அதில் எண்ணெய் அழுத்தத்தால் தானாகவே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட் இருக்கிறது. வைத்துக் கொடுக்க அங்கே எதுவும் கிடையாது. காலையில் கிளப்பியதும் சில நொடி டிக் டிக் என்று கேட்டு நின்றுவிட்டால் கவலை இல்லை. தொடர்ந்து கேட்டால் எண்ணெயின் தரத்தையும் அளவையும் முதலில் பாருங்கள். நிறுவனம் சொல்வது 15டபிள்யூ50 தர எண்ணெய். அந்த எண்ணெய்தான் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் போகிறது. பழைய வண்டிக்கு வாங்கி வைத்த டப்பாவிலிருந்து மிச்சத்தை ஊற்றுவது சிக்கனம் ஆகாது. ஜே சீரிஸில் இடைவெளி வைக்கும் திருகு மறுபடியும் வந்துவிட்டது. ஆனால் அதற்கு ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) கையேட்டில் உள்ள அளவும் வேண்டும், விரல் கணக்கு போதாது.

பழைய சத்தம் வேண்டுமென்று புதிய சைலன்சரை அறுப்பது

புதிய வண்டியின் புகைக்குழாய் அமைப்பில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. அறுத்தால் அபராதம் உறுதி, பழைய சத்தமும் வராது. அந்தச் சத்தம் சைலன்சரிலிருந்து மட்டும் வருவதில்லை. கனத்த சுழல்சக்கரமும் நீண்ட ஸ்ட்ரோக்கும் சேர்ந்து கொடுப்பது.

கிக்கர் இருக்கிறது என்ற நினைப்பு

ஜே சீரிஸில் கிடையாது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காட்டுப் பக்கம் போகும் முன் பேட்டரியைச் சோதியுங்கள்.

ரோஷத்தில் பழைய வண்டி வாங்குவது

"உனக்குப் பழையதன் அருமை தெரியாது" என்று யாரோ சொல்லிவிட்டார்கள் என்பதற்காக, அடுத்த வாரமே ஒரு பழைய புல்லட்டைத் தேடிப் பிடித்து முன்பணம் கொடுக்கிறார்கள். ராணுவ ஏலத்தில் வந்தது என்று சொல்லப்படும் வண்டிகளில் இது அதிகம். பெயிண்ட்டும் குரோமும் பளபளக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது அதை அல்ல. ஆர்சி புத்தகத்தில் உள்ள என்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். என்ஜின் எண் இருக்கும் இடம் மட்டும் சுற்றியுள்ள உலோகத்தைவிட வழவழப்பாக இருந்தால் யாரோ தேய்த்து மறுபடியும் பொறித்திருக்கிறார்கள். 15 ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்திருக்கிறார்களா, எந்தத் தேதிவரை செல்லும் என்று பாருங்கள். வேறு மாநிலப் பதிவெண் என்றால், அந்த ஊர் ஆர்டிஓவிடமிருந்து தடையில்லாச் சான்று கைக்கு வரும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். விற்பவர் "அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால் முன்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.