“அவன் இப்போது ஆஸ்திரேலியன்”: தேசிய சேவையில் பெற்றோர் செய்யும் தவறுகள்

போன மாதம் பெர்த்தில் ஒரு பிறந்தநாள் விருந்து. பையனுக்கு 13 வயது. சிங்கப்பூரில் பிறந்தவன், நான்கு வயதில் இங்கே வந்துவிட்டான். கேக் வெட்டி முடிந்ததும் அவன் அப்பாவிடம் கேட்டேன்: “எக்சிட் பெர்மிட்டுக்கு எழுதிப்போட்டாச்சா?”

“அது எதுக்குண்ணே? அம்மா வழியில அவன் ஆஸ்திரேலியன்தானே!”

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன். தேசிய சேவை என்பது சிங்கப்பூர் ஆண்கள் 18 வயதை ஒட்டிச் செய்தாக வேண்டிய இரண்டு ஆண்டுக் கட்டாயப் படைச்சேவை. எக்சிட் பெர்மிட் என்பது அதற்கு முன் நீண்ட நாள் வெளிநாட்டில் இருக்கத் தற்காப்பு அமைச்சிடம் வாங்கும் அனுமதி. என் மனைவி யாழ்ப்பாணத்து வேர் உள்ள ஆஸ்திரேலியர். நான் சிங்கப்பூரன், 1993-இல் படையில் சேர்ந்து இரண்டரை ஆண்டு முடித்தவன். மகனுக்குப் பிறப்பிலேயே இரண்டு குடியுரிமை. எல்லாம் தெரிந்த ஆள் என்ற நினைப்பில் இருந்த நானே கோட்டை விட்டேன். அப்புறம் இங்குள்ள குடும்பங்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க ஆரம்பித்தேன். அதே தவறுகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பதினாறரை வயதில் பதிவு செய்வது, மருத்துவப் பரிசோதனைக்கு நேரத்துக்குப் போவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

இன்னொரு கடவுச்சீட்டு இருந்தால் போதும் என்று நினைப்பது

போதாது. சிங்கப்பூர்ச் சட்டத்தின் கண்ணில் உங்கள் பையன் சிங்கப்பூரன், அவ்வளவுதான். நீல அட்டை போட்ட ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டை நீட்டினாலும் பிறப்புச் சான்றிதழ் மாறிவிடாது. 2018-இல் இங்கிலாந்தின் ஃபுல்ஹாம் அணியில் ஒப்பந்தமான பென் டேவிஸ் என்ற இளம் கால்பந்து வீரருக்கு மூன்று நாட்டுக் குடியுரிமை இருந்தது. சேவையைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்ட விண்ணப்பத்தைத் தற்காப்பு அமைச்சு மறுத்துவிட்டது.

“ஜோசஃப் ஸ்கூலிங்குக்குக் கொடுத்தார்களே” என்று உடனே ஒருவர் கிளம்புவார். கொடுத்தார்கள். நீச்சல் வீரரான அவர் 2016 ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்குத் தங்கம் வாங்கினார், 2022-இல் படையிலும் சேர்ந்தார். தள்ளிவைத்தார்களே தவிர, தள்ளுபடி செய்யவில்லை. உங்கள் பையன் வார இறுதியில் நீச்சல் பழகுகிறான் என்பது வேறு கதை.

18 வயதில்தான் ஆரம்பம் என்று நினைப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதை நினைத்தால்தான். சேவை தொடங்குவது 18-ஐ ஒட்டித்தான். ஆனால் கடிகாரம் ஓடத் தொடங்குவது 13-இல். 13 வயதான சிங்கப்பூர்ப் பையன் மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்தால் எக்சிட் பெர்மிட் வேண்டும். அவன் வெளியே போனதே நான்கு வயதில் என்றாலும், ஏற்கெனவே வெளிநாட்டில்தான் குடியிருக்கிறான் என்றாலும், வேண்டும். இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். ‘எக்சிட்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, அது விமான நிலையத்தில் கேட்கும் ஏதோ ஒரு தாள், நாம்தான் எப்போதோ வெளியேறிவிட்டோமே என்று நினைத்துவிடுகிறோம்.

இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்கப்போகிறான் என்றால் பெர்மிட்டோடு பிணைத்தொகையும் சேர்ந்துவிடும். பதினாறரை வயது தாண்டிவிட்டால் மூன்று மாதத்துக்கே பிணை உண்டு. தொகை குறைந்தது 75,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். பெற்றோர் இருவருடைய முந்தைய ஆண்டு மொத்த வருமானத்தில் பாதி அதைவிட அதிகமாக இருந்தால், அந்தப் பாதி.

என் மகனுக்கு 13 ஆனபோது நான் அசையவே இல்லை. பதினான்கரை வயதில், விடுமுறைக்கு சிங்கப்பூர் போக டிக்கெட் போடும் முன் சும்மா ஒரு சந்தேகத்தில் இணையத்தில் விதிமுறையைப் படித்தேன். இரவு பதினொரு மணி. மனைவியை எழுப்பிக் காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, “நீங்கள் போய் வந்தது ராணுவம்தானே, சுற்றுலா இல்லையே?” என்று கேட்டார்.

மறுநாளே விளக்கக் கடிதம் எழுதினேன். பள்ளிக் கடிதம், வேலைக் கடிதம், வாடகை ஒப்பந்தம், வருமான வரித் தாள் எல்லாவற்றையும் இணைத்தேன். எங்கள் வருமானத்தில் பாதி 75,000-ஐத் தாண்டியது. வங்கி உத்தரவாதத்துக்காக, வீட்டுக்கு முன்பணமாகச் சேர்த்த காசை நிரந்தர வைப்பில் போட்டோம். அது வருடக்கணக்கில் அங்கேயே கிடந்தது. அந்த வருடங்களில் பெர்த்தில் வீட்டு விலை என்ன ஆனது என்று இங்கிருப்பவர்களைக் கேட்டுப்பாருங்கள், நான் சொல்ல மாட்டேன். முதலிலேயே எழுதியிருந்தாலும் பிணை கேட்டிருப்பார்கள்தான். ஆனால் திட்டம் போட்டுக் கட்டியிருக்கலாம், பையனின் பெயரும் சட்டத்தை மீறியவர்கள் பக்கம் ஒன்றரை வருடம் நின்றிருக்காது.

என் பையன் பிழைத்துக்கொண்டான். 19 வயதில், அடிப்படைப் படைப்பயிற்சி நடக்கும் தெக்கோங் தீவுக்குப் போனான். இளஞ்சிவப்பு அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு ‘லெவன் பி’ என்ற படை அடையாள அட்டையை வாங்கினான், இரண்டு வருடம் முடித்தான். பிழைக்காதவர்களும் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் எதுவுமே செய்யாமல் விட்டுவிட்டது. பையனுக்கு இப்போது 26. சிங்கப்பூரில் பாட்டி இறந்தபோது அவன் போகவில்லை. அவன் அப்பா மட்டும் போய்க் கொள்ளிவைத்துவிட்டு வந்தார். ஏன் பேரன் வரவில்லை என்று கேட்டவர்களுக்குப் பரீட்சை என்று சொன்னாராம்.

அந்தப் பையன் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. படைச்சேர்ப்புச் சட்டப்படி 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஒரு காலத்தில் அபராதத்தோடு முடிந்ததும் உண்டு. லண்டனில் வாழ்ந்த பியானோ கலைஞர் மெல்வின் டான் வழக்கு அப்படி முடிந்தபோது ஊரே கொதித்தது, 2006-இல் அபராத உச்சவரம்பு கூடியது. 2017-இல் உயர் நீதிமன்றம் அளவுகோலே போட்டுவிட்டது: 2 முதல் 6 ஆண்டு ஏய்த்திருந்தால் 2 முதல் 4 மாதச் சிறை, 7 முதல் 10 ஆண்டு என்றால் 5 முதல் 8 மாதம். அதற்கு மேல் போகப்போகச் சட்டென்று ஏறும். 17 ஆண்டோ அதற்கு மேலோ என்றால் 24 முதல் 36 மாதம்.

21-இல் குடியுரிமையைத் துறந்துவிடலாம் என்று காத்திருப்பது

துறப்பதற்கு 21 வயதாக வேண்டும் என்பது உண்மை. ஆனால் சேவை முடிக்காத ஆணின் விண்ணப்பத்தை நிறுத்திவைக்க அரசியலமைப்பே அரசாங்கத்துக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. மிகச் சின்ன வயதில் குடிபெயர்ந்து, சிங்கப்பூரின் சலுகைகளைப் பெரிதாக அனுபவிக்காதவர்களை சேவை செய்யாமலே துறக்க விடுவதுண்டு. அந்தக் கதவும் 13-இலிருந்து பெர்மிட்டை ஒழுங்காக வைத்திருந்து, தள்ளிவைக்க முறைப்படி கேட்டவர்களுக்குத்தான். எட்டு வருடம் காணாமல் போய்விட்டு 21-ஆம் பிறந்தநாளில் திடீரென்று தோன்றி “துறக்கிறேன்” என்றால், முதலில் அந்த எட்டு வருடத்துக்குக் கணக்குக் கேட்பார்கள்.

வம்சாவளிக் குடிமக்கள், அதாவது வெளிநாட்டில் பிறந்து பெற்றோர் வழியாகச் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர்கள், விஷயத்தில் ஒரு கிளைக்குழப்பம் உண்டு. 22 வயதுக்குள் விசுவாச உறுதிமொழி எடுக்காவிட்டால் குடியுரிமை போய்விடும். “தானாகவே போகட்டும், சும்மா இருப்போம்” என்று ஒருவர் என்னிடம் சொன்னார். குடியுரிமை போகும். அதுவரை செய்த குற்றம் போகாது.

வேறு நாட்டு விதியைக் கலந்து பேசுவது

கொரிய நாடகம் பார்க்கும் அம்மாக்களின் உபயம். பிறப்பிலேயே இரட்டைக் குடியுரிமை உள்ள பையன், 18 வயதாகும் ஆண்டின் மார்ச் 31-க்குள் கொரியக் குடியுரிமையைக் கைவிடலாம் என்பது அந்த நாட்டு ஏற்பாடு. சிங்கப்பூரில் அப்படி ஒரு தேதி கிடையாது.

பல்கலைக்கழகம் முடித்துவிட்டு வருகிறேன் என்பது

முடியாது. இடத்தைப் பிடித்துவைத்துவிட்டுச் சேவைக்குப் போக வேண்டும்.

ஓசிஐ அட்டையை நம்புவது

இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா கொடுக்கும் அட்டை அது, குடியுரிமையே இல்லை.

நிரந்தரவாசி மகன்தானே என்று இருப்பது

பெற்றோர் வழியாகச் சிங்கப்பூர் நிரந்தரவாசம் (பிஆர்) பெற்ற பையனுக்கும் தேசிய சேவை உண்டு. சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தை விட்டுக்கொடுத்தால், பிறகு சிங்கப்பூரில் படிக்கவோ வேலை பார்க்கவோ கேட்கும்போது அது எதிரே வந்து நிற்கும். தமிழ்நாட்டிலிருந்து போன ஐடி குடும்பங்கள் இதை விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் பேசிக்கொள்ள வேண்டும். பையன் பதினோராம் வகுப்பு வந்த பிறகு அல்ல.

சொந்தக்காரர் வீட்டு முகவரியைக் கொடுத்துவைப்பது

பையனுக்கு 13 ஆகும்போது அமைச்சிலிருந்து கடிதம் வரும். எங்களுக்கும் வந்திருக்கிறது, ஈசூனில் என் அக்கா வீட்டுக்கு. ஏதோ அரசாங்கக் கடிதம், தம்பி வரும்போது கொடுக்கலாம் என்று அக்கா அதைப் பத்திரமாகப் பழைய மைலோ டின்னுக்குள் வைத்திருந்தார். இரண்டு வருடம் கழித்து நான் போனபோது எடுத்துக் கொடுத்தார். உறை பிரிக்கப்படவே இல்லை.