எட்டிக்கொட்டை: சரக்கு எடுக்கும்போது

சித்த மருந்துக்குச் சேர்க்கும் நச்சு விதையான எட்டிக்கொட்டையைப் பொடியாக வாங்கவே வாங்காதீர்கள். மதுரைக் கீழமாசி வீதியில் எவ்வளவு பழகிய கடையானாலும், பொடி வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். சித்த மருந்துக் கூடமொன்றில் சரக்குப் பார்த்து எடுப்பது என் வேலை. பொடியில் கலந்திருப்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க எந்தக் கொம்பனாலும் முடியாது.

முழுக்கொட்டை சட்டைப் பொத்தான் போலத் தட்டையாக, ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் அகலத்தில் இருக்கும். சாம்பல் நிறம். மேலே மெல்லிய மயிர்கள் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் படிந்திருக்கும். வெயிலில் சாய்த்தால் பளபளப்பு நகரும். மங்கியது, பூஞ்சணம் பிடித்தது, சொத்தை எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள்.

இதன் இனத்தைச் சேர்ந்ததுதான் தேற்றான்கொட்டை. சிறியது, உருண்டையானது, எட்டியின் நஞ்சுகளான ஸ்ட்ரிக்னினும் புரூசினும் அதில் இல்லை. கலங்கிய ஊருணித் தண்ணீரைத் தெளியவைக்கப் பானையில் உரைப்பார்களே, அதுதான். எட்டி மூட்டையில் தேற்றான் கலந்தால் மருந்தின் வீரியம்தான் குறையும். தேற்றான் மூட்டையில் எட்டி கலந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் தேற்றான் மூட்டையைத்தான் கூடுதலாகக் கிளறிப் பார்ப்பேன்.

கசப்பை நாக்கில் வைத்துப் பார்க்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம். ஸ்ட்ரிக்னின், புரூசின் இரண்டும் கசக்கும். ஸ்ட்ரிக்னின் பல மடங்கு கொடியது, உடலை வில்லாக வளைத்து மூச்சை நிறுத்திவிடும். எது எவ்வளவு என்று நாக்கு சொல்லாது.

சில கொட்டைகளை மெத்தென்று ஆகும்வரை ஊறவைத்துப் பிளந்து பாருங்கள். கெட்டியான பருப்புக்கு நடுவே, நரம்போடிய இரண்டு இதய வடிவ இலைகளுடன் குட்டி முளை இருக்கும். பருப்பின் வெட்டுமுகத்தில் அடர் நைட்ரிக் அமிலத்தைக் கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு வைத்தால் ஆரஞ்சு நிறம் ஏறும். கையுறை கட்டாயம். அந்த நிறம் புரூசினுக்கு மட்டுமே சாட்சி. ஸ்ட்ரிக்னினின் அளவு தெரிய ஆய்வகத்தில், வேதிப்பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. சோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

நஞ்சைக் குறைக்கும் சுத்திக்கு முன்பும் பின்பும், ஒவ்வொரு தொகுதிக்கும் அந்த அறிக்கை இல்லாமல் நான் கையெழுத்திடுவதில்லை. கோமியத்தில் ஊறுவது, பாலில் வேகுவது, தோல் சீவி முளையை நீக்குவது எல்லாம் நஞ்சைக் குறைக்கத்தான். ஆனால் ஏழு நாள் ஊறியதாகப் பதிவேட்டில் எழுதிவிட்டால் நஞ்சு இறங்கிவிடுமா? வீட்டு அடுப்பில் இதை முயல்வது வெறும் விபரீதம்.

எட்டி, 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் நச்சுச் சரக்குகளைப் பட்டியலிடும் இ(1) அட்டவணைச் சரக்கு. மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை உறையில் இருந்தாக வேண்டும். ஊறவைத்து வடித்த நீரிலும் நஞ்சு இறங்கியிருக்கும். ஆடு மாடு வாய்வைக்கும் இடத்தில் அதைக் கொட்டாதீர்கள்.