நாகச் சத்துக் குறைந்தபோது

மண்வெட்டி பட்ட காயம் ஆறாமல் கிடந்ததில்தான் தொடங்கியது. எங்கள் வயல் கிளிநொச்சியில், இரணைமடுத் தண்ணீர் பாய்கிற பக்கம். ஒரு மாதமாகியும் காயத்தின் ஓரம் ஈரமாகவே இருந்தது. சொதியில் உப்பில்லை என்றேன். "இதுக்கு மேல உப்புப் போட ஏலாதப்பா" என்றாள் மனிசி. எந்நேரமும் களைப்பு. தாம்பத்தியத்திலும் நாட்டம் போய்விட்டது. அதை டொக்டரிடம் சொல்லத்தான் நாளெடுத்தது.

சீனி வருத்தம் இல்லை. காலையில் எடுத்த இரத்தத்தில் நாகமும் (துத்தநாகம், சிங்க்) ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோனும் குறைவு. விரைகள் இந்த ஹோர்மோனைச் சுரக்க நாகம் வேண்டும். 1996இல் மருத்துவ ஆய்வாளர் ஆனந்த பிரசாத் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், நாகம் குறைந்த உணவை 20 வாரம் உண்ட இளம் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் ஏறத்தாழ நான்கிலொரு பங்காக இறங்கியிருந்தது.

எங்கள் வீட்டில் மூன்று வேளையும் சோறும் பருப்பும்தான். தானியத்திலும் பருப்பிலும் உள்ள பைற்றேற் என்ற பொருள் நாகத்தைப் பிடித்துவைத்து, உடலில் சேரவிடாது. ஊறவைத்து முளைக்கவிட்டால் அது குறையும். அதனால் பயற்றை இரவே ஊறப்போட்டுத் துணியில் கட்டினோம். வால் போல வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் அவியல். முட்டை, கச்சான், வசதிப்பட்ட ஞாயிறுகளில் முல்லைத்தீவு நண்டு.

மாத்திரை டொக்டர் சொன்ன அளவில் மூன்று மாதம். ஆண்களுக்கு நாளுக்கு 11 மில்லிகிராம் போதும். 40ஐத் தாண்டி நெடுநாள் விழுங்கினால் செம்புச் சத்துக் குறையும். தயவுசெய்து பரிசோதிக்காமல் வாங்கி விழுங்காதீர்கள்.

சில வாரங்களில் காயம் காய்ந்தது. சொதியில் தேசிக்காய்ப் புளி மறுபடி நாக்கில் பட்டது. அடுத்த பரிசோதனையில் ஹோர்மோனும் சரியான அளவுக்கு வந்திருந்தது.