கோடு நிறைய இருக்கிறது, பேச்சு மட்டும் அறுகிறது

சிங்கப்பூரின் செங்காங்கில் ஒரு புது புளோக், 14-வது மாடி. கதவைத் திறந்ததுமே அந்த அக்கா கேட்டார்: "தம்பி, பிளானை 10 ஜிபிக்கு மாத்தியாச்சு. அப்பவும் ஏன் அம்மா முகம் அப்படியே உறைஞ்சு நிக்குது?" மன்னார்குடியில் இருக்கும் அம்மாவோடு தினமும் இரவு வீடியோ காலில் பேசுவார். பாதிப் பேச்சில் படம் நின்றுவிடும். குரல் விட்டுவிட்டு வரும். "கேக்குதா, கேக்குதா" என்று இருவரும் மாறி மாறிக் கேட்பதிலேயே அரைமணி நேரம் போய்விடும்.

வீடுகளுக்கும் சின்னக் கடைகளுக்கும் போய் நெட்வொர்க் சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில். "ரவுட்டர் எங்கே இருக்கு அக்கா?" என்றேன். பாம் ஷெல்டரின் இரும்புக் கதவை இழுத்துத் திறந்தார். உள்ளே அரிசி மூட்டை, ஊருக்குப் போகும்போது எடுக்கும் பெட்டிகள், தீபாவளி அலங்கார விளக்குகள். பெட்டிகளுக்கு மேலே ரவுட்டர், எல்லா விளக்கும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டு ஹாலுக்கு வந்தால் சிக்னல் சட்டென்று இறங்கியது. கடைசிப் படுக்கையறையில் பேருக்குத்தான் இருந்தது.

இந்த ஊரில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு இது. 1990களின் கடைசியிலிருந்து கட்டப்படும் வீடுகளில் புகலிட அறை, அதாவது இந்த பாம் ஷெல்டர், கட்டாயம். குண்டு விழுந்தாலும் தாங்கவேண்டிய சுவர் அது. கனமான கான்கிரீட், உள்ளே நெருக்கமாகக் கம்பி, முன்னால் இரும்புக் கதவு. குண்டுச் சிதறலைத் தடுக்கும் சுவர் வைஃபை அலையையும் தடுக்கத்தான் செய்யும். பல புது வீடுகளில் ஃபைபர் இணைப்பு அங்கேயே வந்து முடிவதால், கூடவே ரவுட்டரையும் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். சுவரைத் துளைத்துக் கேபிள் இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், புகலிடச் சுவரைத் துளைத்துக் கேபிள் கொண்டுபோக விதி இடம் தராது. தேவையும் இல்லை. அதே வீடுகளில் ஹாலிலும் அறைகளிலும் சுவரோடு லேன் பாயிண்ட், அதாவது நெட்வொர்க் கேபிள் செருகும் இடம், வைத்தே கொடுத்திருப்பார்கள். ஃபைபர் பெட்டி உள்ளேயே இருக்கட்டும். ரவுட்டரை மட்டும் ஹாலுக்குக் கொண்டுவந்து அந்த பாயிண்டில் செருகினால் போதும். அன்றைக்கு நான் செய்ததும் அதுதான். 20 நிமிட வேலை. அதற்கு முன்பே அக்கா பிளானுக்கு மாதாமாதம் கூடுதல் வெள்ளி கட்ட ஆரம்பித்திருந்தார் என்பதுதான் எனக்கு வருத்தம்.

வேகத்தை வாங்கிவிட்டால் தரம் தானாக வந்துவிடும் என்ற எண்ணம்தான் இங்கே அடிப்படைக் கோளாறு. அக்கா சொன்ன 10 ஜிபி, அதாவது நொடிக்கு 10 ஜிகாபிட் (10 ஜிபிபிஎஸ்) வேகம், நல்ல விஷயம்தான். நாடு முழுக்க உள்ள ஃபைபர் கட்டமைப்பை அதற்கேற்ப மேம்படுத்த 10 கோடி வெள்ளி வரை செலவிடுவதாக அரசு 2024-ல் அறிவித்தது. ஆனால் ஒரு வீடியோ காலுக்கு 1 அல்லது 2 எம்பிபிஎஸ் கிடைத்தாலே போதும் (1,000 எம்பிபிஎஸ் சேர்ந்தால்தான் 1 ஜிபிபிஎஸ்). 4கே படம் பார்க்க 25 எம்பிபிஎஸ் தாராளம். பிறகு ஏன் அறுகிறது?

பேச்சு நெட்வொர்க்கில் முழு வாக்கியமாகப் போவதில்லை. பொதுவாக 20 மில்லிநொடிக்கு ஒரு துண்டாக நறுக்கி, நொடிக்கு 50 துண்டுகளாக அனுப்புகிறார்கள். கேம்பல் லேனில் பூச்சரம் கட்டுபவரை நின்று பாருங்கள். கைக்குப் பூ சீராக வந்தால் சரம் நிற்காமல் நீளும். சற்று நேரம் ஒன்றுமே வராமல், அப்புறம் ஒரு கூடையை மொத்தமாகக் கொட்டினால் அவரால் என்ன செய்ய முடியும்? குரல் துண்டும் அப்படித்தான். தன் முறைக்குப் பிந்தி வந்த துண்டைப் போன் தூக்கிப் போட்டுவிடும், அந்த இடத்தில் பேச்சு அறுந்துவிடும். கூடையின் அளவைத்தான் எம்பிபிஎஸ் சொல்கிறது. பூ சீராக வருகிறதா என்பதைத் தாமதம், தாமதத்தின் ஏற்ற இறக்கம், துண்டு இழப்பு ஆகிய மூன்றும்தான் சொல்லும். விளம்பரத்தில் இந்த மூன்றையும் யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

சேவைத் தரம் என்று நிறுவனங்கள் அளப்பது ஒன்று, பயனர் அனுபவம் என்பது வேறொன்று. ஒரு சேவையைப் பயன்படுத்துபவருக்கு ஏற்படும் மகிழ்ச்சி அல்லது எரிச்சலின் அளவுதான் அனுபவம் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வரையறுக்கிறது. எரிச்சல் என்ற சொல்லை வரையறைக்குள்ளேயே வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் நமக்கு எரிச்சல் வந்தால், அளந்த இடம் தவறு என்றுதான் பொருள்.

ஸ்பீட் டெஸ்டை நம்பி ஏமாறுவது இங்கேதான். ரவுட்டர் பக்கத்தில் நின்று, மதியம் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் சோதித்தால் எண் அழகாகத்தான் வரும். அந்தச் சோதனையும் பெரும்பாலும் சிங்கப்பூருக்குள்ளேயே, பக்கத்தில் இருக்கும் சர்வரோடுதான் நடக்கிறது. நீங்கள் பேசுவதோ மன்னார்குடியோடு. கால் அறுகிற அறையில், அறுகிற நேரத்தில் சோதியுங்கள். வேகத்தை விட்டுவிட்டு பிங், அதாவது ஒரு துண்டு போய்த் திரும்பும் நேரம், எவ்வளவு, அது எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள்.

"ஊர் தூரம், அதான் ஸ்லோ" என்பதும் அவ்வளவு சரியில்லை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 2002-லிருந்து ஓடும் ஐ2ஐ கடலடிக் கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அப்படியானால் கடலைத் தாண்ட 16 மில்லிநொடி. உரையாடல் இயல்பாக இருக்க ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் நல்லது என்பது அதே ஒன்றியத்தின் பரிந்துரை. கடல் அதில் பத்தில் ஒரு பங்குதான். மீதிக் கோளாறு பெரும்பாலும் இரண்டு கரைகளில்தான், உங்கள் ஹாலிலோ அம்மாவின் திண்ணையிலோ இருக்கிறது. எந்தக் கரை என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. உட்கார்ந்த இடத்திலிருந்து அசையாமல், நல்ல இணைப்பு உள்ள உள்ளூர் நண்பர் ஒருவருக்கு வீடியோ கால் போடுங்கள். தெளிவாக வந்தால் உங்கள் பக்கம் சரி. அம்மாவை வாசல் பக்கம் வந்து உட்காரச் சொல்லிப் பாருங்கள்.

வீட்டுக்கு வெளியே வந்தால் அடுத்த தவறு, கோடுகளை நம்புவது. போனின் மேல் மூலையில் இருக்கும் அந்த நாலு கோட்டுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது, போன் செய்பவர் வைத்ததுதான் கணக்கு. 2010-ல் ஐபோன் 4 வந்தபோது எழுந்த புகாரில், கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே தவறு என்று ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டு மாற்றியது. சிக்னலின் வலிமையை எண்ணாகச் சொல்லும் டிபிஎம் கணக்கு நம்பகமானது. போனின் அமைப்புகளில் சிம் நிலை என்ற இடத்தில் பல ஆண்ட்ராய்டு போன்கள் காட்டும். மைனஸ் 80 நல்ல சிக்னல், மைனஸ் 110 என்றால் தள்ளாடுகிறது. 10 குறைந்தாலே வலிமை பத்தில் ஒரு பங்காகிவிடும். அதனால் மைனஸ் 90-க்கும் மைனஸ் 100-க்கும் பெரிய வித்தியாசமில்லை என்று எண்ண வேண்டாம்.

ஆனால் சிக்னல் பலமாக இருந்தும் ஒன்றும் நகராத இடம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாலை, தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா. ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் புல்தரையில் ஊரிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகள் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறை. ஒருவர் போனை முகத்துக்கு நேராகப் பிடித்து, பேசத் தொடங்கிய குழந்தையை "அப்பா சொல்லு, அப்பா சொல்லு" என்று கேட்டுக்கொண்டிருக்க, படம் அசையாமல் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர் போனில் எல்லாக் கோடும் இருந்தது. கூரைமேல் இருக்கும் ஆண்டெனாவின் அலைவரிசை, அதன் எல்லைக்குள் இருக்கும் எல்லோருக்கும் பொது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வீடியோ அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது நூலிழைதான். சிக்னல் என்பது ஆண்டெனா எவ்வளவு சத்தமாகப் பேசுகிறது என்பதைத்தான் சொல்லும், உங்கள் பேச்சைக் கேட்க அதற்கு நேரம் இருக்கிறதா என்பதைச் சொல்லாது.

அந்த இடத்தில் போனை அணைத்து அணைத்துப் போடுவது வீண். நாலைந்து தெரு தள்ளிப் போனால் வேறு ஆண்டெனா பிடிக்கும், அதுவே பெரிய உதவி. வீடியோவை நிறுத்திவிட்டுக் குரலில் மட்டும் பேசினால், தேவைப்படும் இடம் பல மடங்கு குறையும். பக்கத்தில் வயர்லெஸ்@எஸ்ஜி கிடைத்தால் அதற்கு மாறுங்கள், சிம்மை வைத்துத் தானாக நுழையும் வசதி அதில் இருக்கிறது. முடிந்தால் குழந்தையோடு பேசும் நேரத்தைக் காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். விடுதியிலிருந்து கிளம்பும் முன் பேசிவிடுவது இன்னும் நல்லது.

பழைய போன் விஷயத்தில் இருக்கும் தவறு இதைவிட ஆபத்தானது. இங்கே 2ஜி 2017-ல் நிறுத்தப்பட்டது. 3ஜியும் 2024-லிருந்து விடைபெறத் தொடங்கியது. முன்பெல்லாம் 4ஜி போனாக இருந்தாலும், கால் வரும்போது சத்தமில்லாமல் 3ஜிக்கு இறங்கிப் பேசவைக்கும். இனி இறங்குவதற்குக் கீழே படி இல்லை. வோல்ட்இ, அதாவது 4ஜி வழியாகவே குரலைக் கடத்தும் வசதி இருந்தால்தான் கால் போகும். இணையம் நன்றாக ஓடுவதால் போன் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். வாட்ஸ்அப் கால் போகும். ஆனால் ஆத்திர அவசரத்துக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட 995-ஐ அழுத்தினால் போகாது. ஊரிலிருந்து கொண்டுவந்த போன்களில் சில, வோல்ட்இ இருந்தும் இங்குள்ள நிறுவனத்தோடு ஒத்துப்போவதில்லை. இன்றைக்கே அப்பா அம்மாவின் போனை எடுங்கள். வைஃபையை அணையுங்கள். சாதாரண காலாக உங்கள் எண்ணுக்குக் கூப்பிடுங்கள். போகவில்லை என்றால் முதலில் அமைப்புகளில் வோல்ட்இ அணைந்திருக்கிறதா பாருங்கள். அதன் பிறகும் போகாவிட்டால், அந்த மாடலை ஏற்கிறார்களா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

இரண்டு சிம் போடுபவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. வங்கி ஓடிபிக்காக இந்திய எண்ணை வைத்திருப்பது நம்மில் பலருக்கு வழக்கம். டேட்டாவுக்கு எந்த சிம் என்பதை உள்ளூர் சிம்மில் நிலையாக வைத்து, தானாக மாறும் வசதியை அணைத்துவிடுங்கள். உட்லண்ட்ஸ் பக்கம் குடியிருப்பவர்கள் ரோமிங்கையும் அணைத்து வையுங்கள், நீரிணைக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜோகூர் சிக்னல் பலமாக இருந்தால் போன் அங்கே தாவிவிடும்.

சரி, செங்காங் அக்காவிடம் திரும்புவோம். ரவுட்டரை மாற்றி ஒரு வாரம் கழித்து மறுபடி போன் செய்தார். "இப்ப நல்லா வருது தம்பி, ஆனா சில நாள் மட்டும் பழையபடி ஆயிடுது." நெட் ஸ்லோ என்று மட்டும் சொன்னால் யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது, அறுகிற நேரத்தைக் குறித்து வையுங்கள் என்றேன். நான் போனபோது சமையலறையில் மாட்டியிருந்த தினசரி நாள்காட்டித் தாள்களைக் கிழித்துச் சேர்த்து வைத்திருந்தார். செவ்வாய், 9.05. புதன், ஒன்றுமில்லை. வியாழன், 9.10. வெள்ளி, 9.00. எந்த அறையில் இருந்தார் என்பதுகூட ஓரத்தில் பென்சிலில் இருந்தது.

"9 மணிக்கு வீட்டில் என்ன நடக்கும்?" என்று கேட்டேன். அக்காவின் கணவர் கட்டுமானத் தளத்தில் மேற்பார்வையாளர். பகல் ஷிப்ட் முடிந்து வந்ததும் போனைக் கடைசி அறையில் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போவார். புதன்கிழமை அவருக்கு இரவு ஷிப்ட். சார்ஜில் செருகிய நொடியில், அன்று தளத்தில் எடுத்த வீடியோ எல்லாம் கிளவுடுக்கு ஏறத் தொடங்கும். அந்த அறையில் இன்னும் சிக்னல் குறைவு. சிக்னல் குறைந்த போன் மெதுவாகத்தான் அனுப்பும், அனுப்பி முடிக்கும்வரை வைஃபையின் நேரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். ஹாலில் அம்மாவின் முகம் அதற்குப் பின்னால் வரிசையில் காத்து நிற்கும்.

பேக்கப்பை நள்ளிரவுக்கு மேல் ஓடும்படி மாற்றினோம். கடைசி அறையின் லேன் பாயிண்டில் வைஃபை பரப்பும் சிறிய ஆக்சஸ் பாயிண்ட் ஒன்றும் செருகினேன். பிளானை பழைய 1 ஜிபிக்கே இறக்கிக்கொள்ளலாமா என்று அக்கா கேட்டார். ஒப்பந்தம் முடிந்ததும் தாராளமாக இறக்குங்கள் என்றேன்.