பெரியவர்கள் திடீரெனக் குழம்பினால்: சோடியம், பொட்டாசியம் கவனிக்கும் முறை

சித்திரை வெயிலில் ஈரோடு, கரூர் பக்கம் "அப்பத்தாளுக்கு வயசாச்சுங்க, அதான் ஒளறுது" என்று சொல்வதைக் கேட்கலாம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆள் தெரியாமல் குழம்பினால் அதை வயதின் மேல் போடாதீர்கள். சர்க்கரை நோயாளி என்றால் முதலில் குளுக்கோமீட்டரில் சர்க்கரையைப் பாருங்கள். வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை துவண்டாலோ, வலிப்பு வந்தாலோ உடனே 108. இவை இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் என்ற உப்புகளையும், கிட்னியின் வேலையைக் காட்டும் கிரியாட்டினினையும் பார்த்துவிட வேண்டும்.

ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்கலாம். 125-க்குக் கீழே போனால் குமட்டல், தள்ளாட்டம், குழப்பம் வரும். 120-க்குக் கீழே வலிப்புக்கும் வாய்ப்புண்டு. மெதுவாக இறங்கினால் உடம்பு ஓரளவு தாங்கும், மளமளவென இறங்கினால் தாங்காது.

போகும்போது மாத்திரை அட்டைகளை அப்படியே எடுத்துப் போங்கள். பிரஷர் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'எச்' என்று இருந்தால், பெரும்பாலும் அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்திருக்கும். அது சோடியத்தை சிறுநீரில் வெளியேற்றும். இதோடு உப்பையும் குறைத்து, வேர்வைக்கு வெறும் தண்ணீரையே சொம்பு சொம்பாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப் போகும். மாத்திரையை நிறுத்துவதா என்பதை டாக்டரே சொல்லட்டும்.

வீட்டில் உப்பைக் கரைத்துப் புகட்டாதீர்கள். நினைவு தெளிவில்லாதவருக்குப் புரையேறும். ஆஸ்பத்திரியிலும் "சீக்கிரம் ஏத்துங்க டாக்டர்" என்று நெருக்க வேண்டாம். நாள்பட்டுக் குறைந்த சோடியத்தை 24 மணி நேரத்தில் 8, 10 புள்ளிக்கு மேல் உயர்த்தினால் மூளை நரம்புகளின் உறை சிதைந்து, கை கால் முடங்கிவிடலாம்.

வாந்தி பேதிக்கு ஓஆர்எஸ் நல்லது. 20.5 கிராம் பாக்கெட்டை முழுதாக 1 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சமாகக் கொட்டினால் கரைசல் கெட்டியாகி பேதி கூடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. கிட்னி, இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடிக்கட்டும்.

பொள்ளாச்சி எளநி இதற்கு ஈடாகாது. அதில் சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம். கிட்னி கெட்டவர்கள், டயாலிசிஸில் இருப்பவர்கள், பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எளநியையும், பொட்டாசியம் கலந்த 'லோ சோடியம்' உப்பையும் தாங்களாகத் தொடக் கூடாது. பொட்டாசியம் அளவுக்கு மீறி 6-ஐத் தாண்டினாலும் சிலருக்கு வெளியே ஒன்றும் தெரியாது, இதயத் துடிப்பு மட்டும் தடம் புரளும். ஊசி குத்தி எடுத்த ரத்தத்தில் அணுக்கள் உடைந்தாலும் பொட்டாசியம் பொய்யாகக் கூடும்தான். அதற்காக மறு பரிசோதனை முடிவு வரட்டும் என்று உட்கார்ந்திராமல் உடனே இசிஜி எடுத்துவிடுங்கள்.