நிறத்துக்குக் கரை கட்டுங்கள்: செட்டிநாட்டு முறையில் வீட்டுக்கு வண்ணம்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் "என்னமா கலர்!" என்று வியப்பார்கள். அதே மயக்கத்தில் ஊருக்குப் போய் ஹாலின் நாலு சுவருக்கும் அரக்குச் சிவப்பு அடித்துவிடுவார்கள். ஒரே மாதத்தில் அந்த ஹாலில் உட்கார முடியாது. அந்த வீடுகளில் நிறம் எங்கெங்கே இருக்கிறது என்று எண்ணிப் பார்க்காததால் வந்த வினை. சுவர் பெரும்பாலும் வெள்ளை. தூணும் நிலையும் பர்மா தேக்கு. நிறம் கொட்டிக் கிடப்பது தரையில். அப்புறம் சன்னலுக்கு மேலே பதித்த வண்ணக் கண்ணாடியில். சில வீடுகளில் சுவரின் இடுப்புயரம் வரை ஒட்டிய பூவேலை டைல்ஸில்.

ஒரு கண்டாங்கிச் சேலையை விரித்துப் பார்த்தால் இந்தக் கணக்கு பிடிபடும். காரைக்குடி கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு என்று ஒன்றோடொன்று மோதுகிற நிறங்கள். ஆனாலும் கண்ணை உறுத்தாது. காரணம், அகலமான கரை. அறையையும் உடல், கரை, முந்தி என்றே பிரித்துக்கொள்ளுங்கள். பெரும்பரப்பு உடல், அதைச் சுற்றி நிறுத்துவது கரை, கண் போய் விழ வேண்டிய ஒரே இடம் முந்தி. உடலில் பூவேலை இருந்தால் கரை வெறுமையாக இருக்கட்டும். ஓர் அறைக்கு ஒரு முந்திதான். இரண்டு வைத்தால் இரண்டும் கெடும்.

நிறம் தேர்வது

மாற்ற முடியாத பொருளிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் அது தரை. தரையில் மிகக் குறைவாக இருக்கும் நிறம் எதுவோ, அதைச் சுவருக்கோ திரைச்சீலைக்கோ எடுங்கள். அதிகமாக இருப்பதையே சுவருக்கும் எடுத்தால் அறை ஒரு பெட்டி மாதிரி மூடிக்கொள்ளும். பெயிண்ட் கடைக்குப் போகும்போது கைப்பேசிப் படம் வேண்டாம். ஒரு தரைக்கல்லையோ சேலையையோ ஓலைக்கொட்டானையோ கையில் எடுத்துப் போங்கள்.

ஷேடு கார்டில் இருக்கும் தீப்பெட்டியளவு நிறத்தை நம்பக் கூடாது. சுவரில் வந்ததும் அது இன்னும் அழுத்தமாகத் தெரியும். சிறு டப்பா வாங்கி, 2 அடிக்கு 2 அடி அட்டையில் இரண்டு கோட் அடித்து, காயவிட்டு, அறையில் இடம் மாற்றி மாற்றிச் சாய்த்து வையுங்கள். காலை, உச்சி வெயில், இரவு விளக்கு என்று மூன்று நேரம் பார்க்க வேண்டும். இரவுதான் பலருக்கும் அதிர்ச்சி. 6500 கெல்வின் வெள்ளை எல்.இ.டி.யின் கீழ் கடுகு மஞ்சள் பச்சைக்குச் சாயும், செங்கல் சிவப்பு செத்துப்போகும். 2700 முதல் 3000 கெல்வின் வரையான வார்ம் ஒயிட் பல்பு போட்டால் இரண்டும் உயிர் பெறும். பெயிண்டை மாற்றும் முன் பல்பை மாற்றிப் பாருங்கள், செலவு மிச்சம்.

வெள்ளையிலும் கவனம் வேண்டும். நீலம் பாய்ந்த பளீர் வெள்ளை சிவப்புத் தரைக்கு மேல் ஆஸ்பத்திரிச் சுவர் போல நிற்கும். சுண்ணாம்பு வெள்ளை, அதாவது லேசாக மஞ்சள் ஓடிய வெள்ளைதான் பொருந்தும்.

தரை: பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு ஒரு கணக்கு

ஆத்தங்குடி கல், அதாவது காரைக்குடி பக்கத்து ஆத்தங்குடியில் கையால் செய்யும் தரைக்கல், சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடித் தட்டின் மேல் அச்சை வைத்து, நிறமி கலந்த சிமெண்ட் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. முகத்தின் வழவழப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருகிறது. கண்ணாடிப் பூச்சு கிடையாது. ஆக, எலுமிச்சை, புளி, ஆசிட் எது பட்டாலும் அரிக்கும். எண்ணெயும் மஞ்சளும் உள்ளே இறங்கும். அடுப்படியில் வெளிர் நிறம் போட்டுவிட்டு வருந்துகிறவர்கள் நிறைய. அங்கே காவியும் கறுப்பும்தான் தாங்கும்.

அறை 10 அடிக்கு 12 அடி, கல் 8 அங்குலம் என்றால் அகலத்தில் 15, நீளத்தில் 18, ஆக 270 கல். அறை முழுக்க ஒரே பூவை நிரப்பினால் அது ஜமக்காளத்தைச் சுவரோடு வெட்டி ஒட்டியது போல இருக்கும். சுவரோரம் ஒரு வரிசை வெறுங்கல், அடுத்து ஒரு வரிசை கரைக்கல், உள்ளே பூக்கல் என்று வைப்பதே வழக்கமான முறை. அப்படி வைத்தால் உள்ளே 11க்கு 14 மிஞ்சும். இங்கேதான் சிக்கல்: நாலு கல் சேர்ந்து ஒரு பூ ஆகும் டிசைனாக இருந்தால் 11 ஒற்றைப்படை. ஒரு பக்கம் முழுப்பூ, மறுபக்கம் அரைப்பூ. அதை வாசலில் நின்றே பார்க்கலாம். ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள்.

தீர்வு எளிது. பூவை 10க்கு 14 என்று குறையுங்கள்: 140 கல். அதைச் சுற்றிக் கரை 52. அதில் நாலு மூலைக்கல், 48 நேர்கல். மீதி வெறுங்கல் 78. அது நீளவாட்டுச் சுவர்களின் ஓரம் ஒன்றரைக் கல் அகலத்திலும், மற்ற இரண்டு பக்கமும் ஒரு கல் அகலத்திலும் வரும். எந்த அறையும் சரியான செவ்வகம் கிடையாது. அந்தக் கோணலை, ஓரத்தில் வெட்டிப் போடும் வெறுங்கல் விழுங்கிவிடும். பூவையும் கரையையும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டக் கூடாது.

ஆர்டர் கொடுக்கும்போது உடைவதற்கும் சேர்த்து பூ 150, கரை நேர்கல் 52, மூலை 6, வெறுங்கல் 90 என்று கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்குங்கள்; கையால் கலக்கும் நிறம், அடுத்த கலவையில் அதே சிவப்பு வராது. பதிக்கும்போது ஒரே அடுக்கிலிருந்து எடுக்காமல் நாலைந்து அடுக்கிலிருந்து கலந்து எடுத்தால் சிறு வேற்றுமை தரை முழுக்கப் பரவி அழகாகிவிடும்.

சுவருக்கு பெயிண்ட், வயரிங், மரவேலை எல்லாம் முடிந்த பிறகே தரை. முதலில் அறையின் நடுவில் குறுக்கும் நெடுக்கும் நூல் பிடித்து, சாந்து போடாமல் கற்களை வெறுமனே அடுக்கிப் பார்த்துவிடுங்கள். பூ திரும்பியிருந்தால் இப்போதே தெரியும். பின் கற்களின் அடிப்பக்கத்தை நனைத்து, மட்டமான கலவைப் படுகையில், இடைவெளி தெரியாத அளவு நெருக்கிப் பதிக்க வேண்டும். ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். இரும்புச் சுத்தியல் முனையைப் பெயர்த்துவிடும். முகத்தில் சிமெண்ட் பால் பட்டால் அந்த நிமிடமே ஈரத்துணியால் துடைக்க வேண்டும். "அப்புறம் ஆசிட் ஊற்றிக் கழுவிக்கலாம்" என்று சொல்கிற கொத்தனாரை அப்போதே நிறுத்திவிடுங்கள். ஆசிட் ஊற்றினால் மினுமினுப்பு போய்ச் சொரசொரப்பாகும், திரும்ப வராது. பாலிஷ் மெஷினும் வேண்டாம். சில வாரங்களில் வெள்ளையாக உப்புப் பூக்கலாம். ஈரம் வற்ற வற்ற, துடைக்கத் துடைக்கப் போய்விடும். அதற்குள் மேலே எந்தப் பூச்சும் அடித்து மூடக் கூடாது. துடைக்கும் தண்ணீரில் சில சொட்டு தேங்காயெண்ணெய் போதும். நடக்க நடக்கத்தான் பளபளப்பு கூடும்.

வெறுங்கல்லுக்குப் பதில் ஓரத்தைக் காவிச் சிமெண்டாகவே இழைத்துக்கொள்ளலாம், செலவு குறையும். 50 கிலோ மூட்டைக்கு 5 கிலோவுக்கு மேல் காவி போடாதீர்கள். அதிகம் போட்டால் சிமெண்ட் வலுவிழந்து காலில் ஒட்டும்.

சுவர்

புதுச் சிமெண்ட் பூச்சு என்றால் குறைந்தது 28 நாளாவது விட்டுத்தான் பிரைமர். அதற்குள் அடித்தால் உள்ளிருக்கும் ஈரமும் சிமெண்டின் காரத்தன்மையும் சேர்ந்து நிறத்தைத் திட்டுத் திட்டாக வெளுக்கும்.

செங்கல் சிவப்பு, காவி, கடுகு போன்ற மண் நிறங்கள் இரண்டே கோட்டில் அடியை மறைக்கும். அவற்றில் இருப்பது இரும்பு ஆக்சைடு. பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சளும் ரத்தச் சிவப்பும் அப்படியல்ல, நாலு கோட் அடித்தாலும் அடியில் வெள்ளை தெரியும். அந்த நிறங்கள்தான் வேண்டுமென்றால் பிரைமரிலேயே அதே சாயலைக் கலந்து வாங்குங்கள். 12க்கு 10 அடிச் சுவர் ஒன்றுக்கு, பட்டி பார்த்து வழவழவென்று இருந்தால், இரண்டு கோட்டுக்கு எமல்ஷன் சுமார் 1 லிட்டர் ஆகும். பற்றாமல் போகாதபடி ஒரு லிட்டர் டப்பா இரண்டு வாங்கி, இரண்டையும் ஒரே வாளியில் கலந்த பிறகே தொடங்குங்கள். டப்பாவுக்கு டப்பா சாயல் மாறும். பாதிச் சுவரில் டப்பா தீர்ந்தால் அந்தக் கோடு நிரந்தரம்.

பழைய வீட்டின் சுண்ணாம்புச் சாந்துச் சுவர் வேறு கதை. அதன் மேல் பிளாஸ்டிக் எமல்ஷனோ ஆயில் பெயிண்டோ அடித்தால் மண்ணிலிருந்து ஏறும் ஓதம் வெளியேற வழியில்லாமல் கொப்பளித்து, பட்டை பட்டையாக உரியும், சாந்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. அங்கே சுண்ணாம்புதான். நீற்றிய சுண்ணாம்பு 5 கிலோவுக்கு நிறமி அரை கிலோவுக்கு மிகாமல், அதுவும் இரும்பு ஆக்சைடு நிறமியாக. நிறமியைத் தனியே முதல் நாள் இரவே ஊறவைத்து, துணியில் வடிகட்டிச் சேருங்கள். கட்டி இருந்தால் சுவரில் கீற்று விழும். பால் பதத்தில் கரைத்து, சுவரை நனைத்துவிட்டு, மெல்லிய மூன்று கோட். ஈரத்தில் பயமுறுத்தும் அளவு அடர்த்தியாக இருக்கும், காய்ந்தால் பாதியாக வெளுக்கும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பளபளப்புச் சுவர் உங்கள் வீட்டில் மிஞ்சியிருந்தால் அதன் மேல் எதையும் அடிக்காதீர்கள், உப்புத்தாளும் போடாதீர்கள். மெல்லிய துணியால் துடைப்பதோடு சரி. தேக்கு நிலைக்கு எனாமல் அடிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

கரைக்கோடு நேராக வருவது

சுவரின் கீழ்ப்பகுதி 3 அடி உயரத்துக்கு அரக்கு, மேலே வெள்ளை, நடுவே 2 அங்குலக் கறுப்புக்கரை: குறைந்த செலவில் செட்டிநாட்டுச் சாயல் வேண்டுமென்றால் இதுவே போதும். தரையிலிருந்து அளக்காதீர்கள், தரை சாய்வாக இருக்கும். ரசமட்டம் வைத்துச் சுண்ணாம்பு நூல் தட்டுங்கள். மாஸ்கிங் டேப் ஒட்டியதும் அதன் ஓரத்தில் முதலில் பழைய நிறத்தையே ஒரு கை தடவிக் காயவிட வேண்டும். டேப்புக்கு அடியில் கசிவது அந்த நிறமாகப் போய்விடும். அதற்கு மேல் அடிக்கும் கறுப்பு கசியாது. இரண்டாவது கோட் முழுதாகக் காயும் முன்பே டேப்பைச் சாய்வாக இழுத்து உரியுங்கள். காய்ந்தபின் உரித்தால் பெயிண்டும் கூடவே வரும்.

வண்ணக் கண்ணாடி

மேற்கு சன்னலுக்கு மேல் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடி பதித்தால் சாயங்கால வெயிலில் எதிர்ச்சுவரில் நிறம் விழும். அந்தச் சுவர் வெள்ளையாக இருந்தால் மட்டுமே. மஞ்சளடித்த சுவரில் நீல ஒளி விழுந்தால் அழுக்குப் பச்சையாகத் தெரியும். கண்ணாடி பதித்த பிறகு ஆனியில் ஒருநாள் நாலு மணி முதல் ஆறு மணி வரை, அரைமணிக்கு ஒருதரம், வெளிச்சம் விழும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். ஆடிக்கும் தைக்கும் அந்த இடம் நகரும். மார்கழியில் இன்னொரு நாள் குறித்துவிட்டு, இரண்டுக்கும் வெளியே ஆணி அடித்துப் படத்தை மாட்டலாம்.